காத்திருப்பது யார்?

காலையில் எழுந்ததும் நான் செய்யும் முதல் வேலை, திரைச்சீலையை விலக்கி என்னுடைய வண்டி எந்தப் பக்கம் சரிந்து நிற்கிறது என்று பார்ப்பது. அதன் நான்கு சில்லுகளுக்கு மேலும் இரும்புச் சுருளுக்குப் பதிலாகக் காற்று நிரப்பிய ரப்பர்ப் பைகள் இருக்கின்றன. ஏதாவது ஒரு பையில் மயிரிழை அளவு வெடிப்பு வந்தாலும் போதும், இரவோடிரவாகக் காற்று இறங்கிவிடும். விடியும்போது வண்டி முன்னங்காலை மடித்துப் படுத்த மாடு போலக் கிடக்கும். சாவியைத் திருப்பினால் உள்ளே ஒரு சின்னக் கொம்பிறசர் முனகிக்கொண்டு காற்றடிக்கும். வண்டி மெல்ல எழும்பும். சில நாட்களில் எழும்பாது. அன்றைக்கு நான் பஸ்ஸில் வேலைக்குப் போவேன்.

நான் இருப்பது இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில். வைத்தியசாலை ஆய்வுகூடமொன்றில் வேலை. 2019இல், என் நாற்பத்தாறாவது வயதில், இருபது வருடப் பழைய இந்தச் சொகுசு நாலு சில்லு இழுவை வண்டியை 2,600 பவுணுக்கு வாங்கினேன். புதிதாக வந்த காலத்தில் எங்கள் தெருவில் எவராலும் நினைத்துப் பார்க்க முடியாத விலை அதற்கு. தோல் இருக்கை, மரப்பலகை பதித்த கதவுகள், எட்டு சிலிண்டர் எஞ்சின். லீற்றருக்கு ஐந்து கிலோமீற்றர் ஓடினால் பெரிய காரியம். நான்கு நாள் தொடாமல் விட்டால் பற்றரி இறங்கிவிடும், ஏனென்றால் உள்ளே இருக்கும் கணினிகளில் ஒன்று உறங்காமல் விழித்திருக்கிறது. சூடேற்றிக் குழாயின் மூட்டில் இருக்கும் ரப்பர் வளையம் தேய்ந்தால் கால்மிதி நனைந்து, இனிப்பான ஒரு மணம் வண்டிக்குள் நிற்கும். யார் செய்த வண்டி என்று எழுதமாட்டேன். இது விளம்பரமும் அல்ல, முறைப்பாடும் அல்ல.

எனக்கு இந்த வண்டியில் உயிர். உயரமான அந்த இருக்கையில் ஏறி அமர்ந்தால் பீக் மாவட்டத்து மலைகளில் வயல்களைப் பிரிக்கும் கற்சுவர்களுக்கு மேலால் பார்க்கலாம். பனி விழுந்த பாதையில் அது அவசரப்படாமல் ஏறும். வாழ்க்கையில் பெரும்பகுதி எதையும் எவரையும் அண்ணாந்து பார்த்தே பழகிய எனக்கு அந்த உயரம் பிடித்திருக்கிறது. இதற்கு மேல் விளக்கம் சொல்ல எனக்குத் தெரியாது. சொல்லவும் தேவையில்லை என்பதுதான் இந்தக் கட்டுரையின் பாதி.

மற்றப் பாதி, அந்தத் தேவையில்லாத ஆசைக்கான செலவை யார் கட்டுகிறார்கள் என்பது.

*

வண்டியைக் கண்டதும் அண்ணா கேட்டார்: “உனக்கென்ன விசரா? ஒரு சின்ன யப்பான் கார் காணுமே உனக்கு?”

எங்கள் ஊர்ப் பேச்சில் ‘காணும்’ என்றால் ‘போதும்’. இந்தச் சொல்லை நான் பிறந்த நாளிலிருந்து கேட்டு வருகிறேன். பொம்பிளைப் பிள்ளைக்கு ஓ.எல். வரைக்கும் படித்தால் காணும். ஒரு ரீச்சர் வேலை காணும். வருடத்துக்கு இரண்டு சட்டை காணும். மீன்குழம்பில் தலைத்துண்டு காணும். ஆம்பிளைப் பிள்ளைக்கு எவ்வளவு காணும் என்று யாரும் அளந்து பார்த்து நான் அறியவில்லை. அவனுக்கு இருப்பது ‘ஆசை’. எங்களுக்கு இருப்பது ‘தேவை’. தேவையை அளக்கலாம். அளந்து கொடுத்துவிட்டுக் காணும் என்று சொல்லலாம்.

என்னை விசரா என்று கேட்ட அதே அண்ணாவின் கராஜில் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று பதினொரு வருடமாகக் கழற்றிய நிலையில் கிடக்கிறது. அதன் தாங்கி கைப்பிடி எல்லாம் பழைய துணியில் சுற்றித் தட்டு நிறைய வைத்திருக்கிறார். அண்ணி தன் காரைப் பதினொரு வருடமாக மழையில் நிறுத்துகிறார். குடும்பத்தில் யாரும் அதை விசர் என்று சொன்னதில்லை. “அவருக்கு அதில ஒரு ஆசை” என்பார்கள். சொல்லும்போது முகத்தில் ஒரு சிரிப்பும் இருக்கும், குழந்தையின் குறும்பைச் சொல்வது போல.

நான் முதன்முதல் போன கராஜ்காரர் பொனற்றைத் திறந்து வைத்துக்கொண்டு, “இதை வாங்கினது உங்கள் கணவருக்குத் தெரியுமா?” என்று கேட்டார். கணவர் இல்லை என்றேன். அப்படியானால் யாருடன் கதைப்பது என்று அவருக்கு விளங்கவில்லை. ஒருநாள் கூட வந்த அண்ணாவின் தொலைபேசி இலக்கத்தை வாங்கிவைத்து, என் வண்டியின் பழுதை அவருக்கு எடுத்துச் சொன்னார். அண்ணாவுக்கு அந்த எஞ்சினைப் பற்றி எதுவும் தெரியாது. கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “வித்துப்போடச் சொல்லுறார்” என்று எனக்கு மொழிபெயர்த்தார். அடுத்த வாரம் பழுதுக்குறிகளை வாசிக்கும் சிறு கருவி ஒன்றையும் வண்டியின் திருத்தக் கையேட்டையும் வாங்கினேன். ரப்பர் வளையத்தை இப்போது நானே மாற்றுகிறேன். ஒரு சனிக்கிழமை மத்தியானம் காணும். இங்கே அந்தச் சொல்லை நானே பயன்படுத்துகிறேன்.

*

ஆனால் இந்தக் கதையை இத்துடன் நிறுத்தினால், பெண்ணும் ஆணைப்போல விளையாட்டுப்பொருள் வாங்கலாம் என்ற சின்ன முடிவோடு எல்லோரும் சந்தோஷமாகக் கலைந்து போகலாம். நான் சொல்ல வந்தது அதுவல்ல. அதற்கு அப்பாவின் காரைப் பற்றிச் சொல்லவேண்டும்.

யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுப் போட்டிக்கோவில் பழைய ஆங்கிலேயக் கார் ஒன்று நின்றது. அப்பா அரசாங்க எழுதுவினைஞர். அவருடைய சம்பளத்துக்கு அந்தக் கார் அதிகம். ஞாயிற்றுக்கிழமைகளில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அதற்குக் கீழே படுத்திருப்பார். நாங்கள் தேநீர் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், ரோச் லைற் பிடிக்க வேண்டும், கை துடைக்கப் பழந்துணி எடுத்துக் கொடுக்க வேண்டும். கார் ஓடின ஞாயிறுகளில் கீரிமலைக்குப் போவோம். ஓடாத ஞாயிறுகளில் வீட்டில் யாரும் சத்தம் போடக்கூடாது.

அம்மாவிடம் ஏழு பவுணில் ஒரு சங்கிலி இருந்தது. எஞ்சினைப் பிரித்து வேலை செய்ய வேண்டும் என்றபோது அது முதல் முறை அடகுக்குப் போனது. மீட்டு வந்தார்கள். ரயர் நான்கும் மாற்ற வேண்டும் என்றபோது இரண்டாம் முறை போனது. மீட்டு வந்தார்கள். மூன்றாம் முறை எதற்காகப் போனது என்று எனக்குத் தெரியாது. அது திரும்பி வரவில்லை. அம்மா அதற்குப் பிறகு ஒரு மெல்லிய சங்கிலியைப் போட்டுக்கொண்டு, “இது காணும்” என்று சொன்னார்.

தேசவழமைச் சட்டம் படித்தவர்களுக்கு ஒன்று தெரியும். அந்தச் சட்டத்துக்கு உட்பட்ட திருமணமான பெண், தனக்குச் சீதனமாக வந்த காணியையோ வீட்டையோ விற்க விரும்பினால் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வாரிசுரிமைக் கட்டளைச் சட்டத்தில் இது எழுதப்பட்டிருக்கிறது. நகைக்கு அந்தத் தடை இல்லை. ஆகவே அம்மாவின் காணி அம்மா கைக்கு எட்டவில்லை. அம்மாவின் சங்கிலி எல்லோர் கைக்கும் எட்டியது. அம்மாவின் காணிக்கு அப்பாவின் கையெழுத்து வேண்டும். அப்பாவின் காருக்கு அம்மாவின் கையெழுத்தை யாரும் கேட்கவில்லை.

1990இல் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை. யாழ்ப்பாணத்தில் மொரிஸ் மைனர்களும் ஒஸ்ரின் கேம்பிறிஜ்களும் மண்ணெண்ணெயில் ஓடின. பழைய தலைமுறைக்கு இது நினைவிருக்கும். காபரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். தெரு முழுக்க அந்தப் புகை மணம். அப்பா ஒரு சின்னப் போத்தலில் பெற்றோலை மருந்து போலப் பூட்டி வைத்திருந்தார். குப்பி விளக்குக்கு மண்ணெண்ணெய் இல்லாத இரவுகளிலும் காருக்கென்று ஒரு போத்தல் ஒதுக்கி இருந்தது. நானும் தங்கச்சியும் ஒரே விளக்கில் படித்தோம். அதைப் பற்றி அப்போது எனக்குக் கோபம் வரவில்லை. அவசரத்துக்குக் கார் வேண்டும் என்று அப்பா சொன்னார். நாங்களும் நம்பினோம்.

அவசரம் 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வந்தது. வலிகாமத்தை விட்டு வெளியேறச் சொல்லி ஒலிபெருக்கியில் அறிவித்துக்கொண்டு போனார்கள். மழை. அப்பா போத்தலைத் திறந்து துளித்துளியாக விட்டு, திருகித் திருகி, ஒரு மணித்தியாலம் முயன்றார். கார் இருமியது, ஓடவில்லை. அந்த ஒரு மணித்தியாலமும் அம்மா மூட்டைகளோடு போட்டிக்கோவில் நின்றார். கடைசியில் மூட்டைகளை இரண்டு சைக்கிள்களில் கட்டினோம். நாவற்குழிப் பாலத்தைத் தாண்ட விடிந்துவிட்டது. இலட்சக்கணக்கான சனத்தோடு அம்மா நடந்தார், கழுத்தில் அந்த மெல்லிய சங்கிலியோடு. அப்பா வழி முழுக்க ஒன்றும் பேசவில்லை. அவர் காருக்காக அழுதாரா எங்களுக்காக அழுதாரா என்று எனக்கு இன்றும் தெரியாது.

அப்பா கெட்டவர் இல்லை. இதை அழுத்திச் சொல்கிறேன். கெட்ட ஆண்களைப் பற்றி எழுதுவது சுலபம். எங்கள் அப்பா அன்பானவர், ஒரு பொருளில் உயிரை வைத்தவர். அந்த அன்புக்கு அடியில் யார் கிடந்தார்கள் என்பதை மட்டும்தான் கேட்கிறேன்.

*

எப்போது ஓடும் எப்போது நிற்கும் என்று தெரியாத ஒன்றை நேசிப்பது ஒரு வசதி. விழுந்தால் தாங்குவதற்கு ஏதோ ஒன்று கீழே இருக்க வேண்டும். பணம் தாங்கலாம். இன்னொரு வாகனம் தாங்கலாம். பெரும்பாலான வீடுகளில் தாங்குவது ஒரு பெண். கார் நின்ற நாளில் பிள்ளையை நடத்திக் கூட்டிப்போகிறவள் அவள். உதிரிப்பாகம் வாங்கிய மாதத்தில் மீன் வாங்காமல் பருப்பில் சமாளிக்கிறவள் அவள். ஆண்களின் ஆசைகளை நாங்கள் ‘ஆசை’ என்று சிரித்துக்கொண்டு சொல்ல முடிவது, அதன் கணக்குப் புத்தகம் பெண்ணின் கையில் இருப்பதால்தான். அவள் அதைத் திறந்து காட்டுவதில்லை.

மோட்டார் காரின் வரலாறே இந்தக் கணக்கில்தான் தொடங்குகிறது. கார்ல் பென்ஸ் என்ற பெயர் எல்லோருக்கும் தெரியும். 1886 சனவரியில் தன் வாகனத்துக்கு அவர் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். அவருடைய தொழில் தொடக்கத்திலேயே மூழ்கப் போனபோது, திருமணத்துக்கு முன்னரே தன் சீதனப் பணத்தில் ஒரு பகுதியைக் கொடுத்துக் கைதூக்கிவிட்டவர் பெர்தா. 1872இல் திருமணம் நடந்தது. வாசிக்கும் தமிழ்ப் பெண்களே, கவனியுங்கள்: உலகின் முதல் மோட்டார் காருக்குப் பின்னால் ஒரு சீதனம் இருக்கிறது. காப்புரிமையில் பெர்தாவின் பெயர் இல்லை.

1888 ஓகஸ்ட் மாதம் பெர்தா, கணவருக்குச் சொல்லாமல், இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த தாய் வீட்டுக்கு அந்த வண்டியை ஓடிப்போனார். நூறு கிலோமீற்றருக்கு மேல். அதற்கு முன் எவரும் காரில் அவ்வளவு தூரம் போனதில்லை. எரிபொருள் முடிந்தபோது வீஸ்லொக் என்ற ஊரின் மருந்துக்கடையில் லிக்ரோயின் வாங்கி ஊற்றினார். எரிபொருள் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். மின்கம்பி உராய்ந்தபோது காலுறை கட்டும் பட்டியால் சுற்றினார். தடுப்புக் கட்டை தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்து அடிப்பித்தார். அந்தத் தோல்தான் பிரேக் லைனிங்கின் தொடக்கம்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் அநேகமாக அதை ஒரு மனைவியின் விசுவாசக் கதையாகச் சொல்வார்கள். கணவரின் கண்டுபிடிப்பை உலகம் அறியச் செய்தாள் என்பார்கள். நான் வேறு மாதிரி வாசிக்கிறேன். தன் காசு போட்ட வண்டி, எந்த நேரமும் நின்றுபோகக்கூடிய வண்டி. அதை எடுத்துக்கொண்டு போக அவர் யாரிடமும் கேட்கவில்லை. நின்ற இடமெல்லாம் இறங்கித் தானே திருத்தினார்.

*

இனி என் திருமணத்தைப் பற்றி ஒரு பத்தி. அதற்கு மேல் அதற்கு இடமில்லை.

பதினேழு வருடம், சொன்ன நேரத்துக்கு வராத, சொன்ன காசைத் தராத, எப்போது நிற்பார் எப்போது போவார் என்று தெரியாத ஒருவரோடு வாழ்ந்தேன். அப்போது எல்லோரும் எனக்குச் சொன்னது: “ஆம்பிளை எண்டால் அப்பிடி இப்பிடித்தான். நீதான் அனுசரிச்சுப் போகவேணும்.” 2015இல் பிரிந்தேன். நான்கு வருடம் கழித்து வண்டி வாங்கினேன். அதே வாய்கள் சொன்னது: “அதை வித்துப்போடு. அது உன்னை நடுத்தெருவில விட்டிடும்.”

நடுத்தெருவில் விடும் என்ற அக்கறை பதினேழு வருடம் எங்கே போயிருந்தது? பெண்ணின் பொறுமைக்கு எல்லை உண்டு என்பது இவர்களுக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பொறுமை ஒரு ஆணுக்குப் போகிற வரைக்கும் எல்லையைப் பற்றிப் பேசமாட்டார்கள். தனக்குப் பிடித்த ஒன்றில் அவள் அதைச் செலவழிக்கத் தொடங்கிய அன்றே பேசுவார்கள். எங்கள் சமூகத்தில் பெண்ணின் பொறுமை ஒரு பொதுச்சொத்து, கோவில் கேணி மாதிரி. யாரும் அள்ளலாம், அவளைத் தவிர.

இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பது சரியா என்று கேட்பீர்கள். சரியில்லை, வண்டிக்கு அது அவமானம். வண்டி பொய் சொல்வதில்லை. பழுது என்றால் விளக்கு எரியும். அதற்கு ஒரு கையேடு இருக்கிறது. வேண்டாம் என்றால் ஒரு பின்னேரத்தில் விற்றுவிடலாம். புருஷனை விட்டு வந்தவளுக்கு ‘வாழாவெட்டி’ என்று ஒரு சொல் வைத்திருக்கிறோம். வண்டியை விற்றவளுக்குத் தமிழில் ஒரு வசைச்சொல்லும் இல்லை. எப்போது வேண்டுமானாலும் விட்டுப் போகலாம் என்ற நிலையில் ஒன்றோடு கூட இருப்பதற்குத்தான் நேசம் என்று பெயர். விட்டுப் போக முடியாமல் கூட இருப்பதற்கு வேறு பெயர்.

*

பெண்ணியம் பேசும் என் தோழிகளுக்கு வேறு கேள்விகள் உண்டு. அவை அண்ணாவின் கேள்வியை விடக் கடினமானவை. இது பணக்கார ஆண்களின் விளையாட்டுப்பொருள் இல்லையா? பெற்றோல் குடிக்கும் இந்தப் பூதத்தை வைத்துக்கொண்டு எந்த விடுதலையைப் பேசுகிறாய்?

பாதி உண்மை. இந்த இனத்து வாகனங்கள் எப்படி வந்தன என்று பாருங்கள். அமெரிக்காவில் 1963 மாடலாக ஜீப் வாகனியர் வந்தது. இங்கிலாந்தில் 1970இல் ரேஞ்ச் ரோவர், ஐரோப்பாவில் 1979இல் மெர்சிடிஸ் ஜி. ரேஞ்ச் ரோவர் வந்தபோது அதற்குப் பின்கதவுகள் கூட இல்லை. இருக்கைகள் வினைல். தரையைத் தண்ணீர்க் குழாயால் கழுவலாம். பண்ணைக்காரருக்கென்று வந்த வண்டி. நான்கு கதவு 1981இல்தான் வந்தது. அதன்பின் தோலும் மரமும் கம்பளமும் ஏறின. சேற்றுக்கென்று பிறந்தவை பாடசாலை வாசலில் பிள்ளையை இறக்கப் போயின. சேறு படாத சேற்று வண்டி ஒரு வர்க்கத்தின் அடையாளம்தான். மறுக்கமாட்டேன்.

பெற்றோலும் உண்மை. லண்டனில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்கு இந்த வண்டியில் போனால் நாளொன்றுக்கு 12.50 பவுண் கட்டவேண்டும். 2023 ஓகஸ்டிலிருந்து புகைக் கட்டணம் லண்டன் நகரம் முழுவதற்கும் வந்துவிட்டது. அந்தக் கட்டணம் நியாயமானது என்று நினைக்கிறேன். தங்கச்சி வீட்டுக்கு ரயிலில் போகிறேன். வேலைக்குப் பெரும்பாலும் பஸ். வருடத்தில் மூவாயிரம் மைலுக்கு மேல் இந்த வண்டி ஓடுவதில்லை. இதனால் நான் குற்றமற்றவள் ஆகிவிட்டேன் என்று சொல்லவில்லை. என் கணக்கை உங்களுக்குத் திறந்து காட்டுகிறேன், அவ்வளவுதான்.

ஆனால் தோழிகளே, ஒன்றைக் கேட்கிறேன். உலகத்தின் புகைக்கும் ஒரு வர்க்கத்தின் பகட்டுக்கும் பதில் சொல்ல முதலில் கூப்பிடப்படுகிறவள் ஏன் எப்போதும் ஒரு பெண்ணாக இருக்கிறாள்? வார விடுமுறையில் பழைய வண்டிகளோடு மலைக்கு வரும் ஆண்களை நான் பார்க்கிறேன். அவர்களுடைய தோழர்கள் அவர்களைக் கூட்டத்தில் நிறுத்திக் கேள்வி கேட்பதில்லை. நல்ல பெண், பொறுப்பான பெண், சிக்கனமான பெண் என்று பழைய உலகம் எங்களுக்கு ஒரு சட்டை தைத்தது. அதை விழிப்புணர்வு கொண்ட பெண் என்று சாயம் மாற்றி நாங்களே எங்களுக்குப் போட்டுவிடக் கூடாது.

வேர்ஜினியா வுல்ஃப் 1929இல் எழுதியதை நாங்கள் எல்லோரும் படித்திருக்கிறோம். எழுதுகிற பெண்ணுக்குப் பணமும் தனக்கென ஓர் அறையும் வேண்டும் என்றார். அதற்கு இரண்டு வருடம் முன்பு, ‘டு தி லைட்ஹவுஸ்’ நாவலின் வருமானத்தில் அவர் வீட்டுக்குப் பழைய சிங்கர் கார் ஒன்று வந்தது. அறையைப் பற்றிப் பேசும் நாங்கள் அந்தக் காரைப் பற்றிப் பேசுவதில்லை. அறைக்கு ஒரு பயன் உண்டு, அதில் அவள் எழுதுவாள். பயனுள்ள சுதந்திரத்தைக் கேட்க எங்களுக்குத் துணிவு வந்துவிட்டது. பயனில்லாத சந்தோஷத்தைக் கேட்க இன்னும் வெட்கமாக இருக்கிறது.

*

இவ்வளவும் எழுதிவிட்டு ஒரு காலையை மறைத்தால் நானும் கணக்குப் புத்தகத்தை மூடிவைத்தவள் ஆவேன்.

மகளுக்கு மன்செஸ்ரரில் ஒரு நேர்முகத்தேர்வு. காலை ஒன்பது மணிக்கு. ஷெஃபீல்டிலிருந்து ரயில் இருக்கிறது. அவள் ரயிலில் போகிறேன் என்றாள். நான்தான் கேட்கவில்லை. முந்தின இரவு பனி பெய்திருந்தது. ஸ்னேக் கணவாய் வழியாக அவளைக் கூட்டிக்கொண்டு போகவேண்டும், அந்த மலையின் விடியலை அவள் என் பக்கத்தில் இருந்து பார்க்கவேண்டும் என்று எனக்கு ஆசை. உச்சியைத் தாண்டிய சற்று நேரத்தில் குளிர்விக்கும் குழாய் ஒன்று வெடித்து, பொனற்றுக்குள் இருந்து வெள்ளை ஆவி கிளம்பியது. தொலைபேசிக்குச் சமிக்ஞை இல்லை. அந்த வழியாக வந்த லொறிக்காரர் ஒருவர் கீழே போய்ச் சொல்லி, இழுவை வண்டி வந்து சேர்ந்தபோது மணி பத்தாகப் போயிருந்தது. மகள் தன் ஒரே நல்ல மேற்சட்டையோடு தெருவோரத்தில் நின்றாள். அந்த வேலை அவளுக்குக் கிடைக்கவில்லை.

அவள் கத்தவில்லை. “அம்மா, அம்மப்பாவின் கார்க் கதையை நீங்கள் எனக்கு எத்தனை தரம் சொல்லியிருக்கிறீங்கள்?” என்று மட்டும் கேட்டாள்.

அன்றைக்கு நான் அப்பாவாகவும் அவள் அம்மாவாகவும் நின்றோம். பெண் என்பதால் என் ஆசை தானாகவே நியாயமாகிவிடாது என்பதை அந்தக் குளிரில் கற்றுக்கொண்டேன். ஆசையின் கீழே இன்னொருவரை விரித்துவிட்டால், விரிப்பவர் ஆணா பெண்ணா என்பதில் விரிக்கப்பட்டவருக்கு என்ன வித்தியாசம்? அப்பாவைப் போலவே நானும் அன்பினால்தான் செய்தேன்.

வண்டியை விற்க நினைத்தேன். விளம்பரமும் எழுதினேன். பிறகு கிழித்துப் போட்டேன். என்னைத் தடுத்தது வண்டி மேல் உள்ள ஆசை மட்டுமல்ல. பிழை ஆசைப்பட்டதில் இல்லை, அவளை அதற்குள் இழுத்ததில் இருந்தது. விற்றிருந்தால் பெண்ணுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்டவர்களுக்கு ஒரு உதாரணம் கிடைத்திருக்கும், மகளுக்கு வேலை திரும்பக் கிடைத்திருக்காது.

அதற்குப் பதிலாகச் சில ஒழுங்குகளை வைத்துக்கொண்டேன். நேரத்துக்குப் போய்ச் சேரவேண்டிய எவரையும் இந்த வண்டியில் ஏற்றுவதில்லை. அதற்கு ரயில் இருக்கிறது, பஸ் இருக்கிறது. வருடா வருடம் வரும் எம்.ஓ.ரி. பரிசோதனைக்கும் பழுதுகளுக்கும் என் சம்பளத்திலிருந்து மாதம் எண்பது பவுண் தனியாக ஒதுக்குகிறேன். அது தீர்ந்தால் வண்டி நிற்கும், வேறு எந்தக் காசும் அதற்குள் போகாது. அம்மாவின் கணக்கில் பவுண் என்றால் தங்கம், என் கணக்கில் பவுண் என்றால் நான் உழைத்த காசு. பின்பெட்டியில் போர்வை, ரோச், சுடுதண்ணீர்ப் போத்தல், ஒரு குளிர்விக்கும் குழாய், நான்கு ரப்பர் வளையம். வண்டி நின்றால் காத்திருப்பது நான் மட்டும்.

மகள் அடுத்த வருடம் வேறு வேலை எடுத்தாள். அவளிடம் இப்போது சின்ன யப்பான் கார் ஒன்று இருக்கிறது. அது ஒருநாளும் நிற்பதில்லை. அவளுக்கு அது போதும் என்று அவளே தீர்மானித்தாள். இடைக்கிடை ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, “இண்டைக்கு ஓடுதா?” என்று கேட்டுவிட்டு என் பக்கத்தில் ஏறி அமர்கிறாள். அன்றைக்கு அவளுக்குப் போகவேண்டிய இடம் ஒன்றும் இருப்பதில்லை.

*

இதை வாசிக்கும் மாணவிகளுக்குக் கடைசியாக ஒன்று. உங்கள் வீட்டில் யாருக்கோ ஒரு ஆசை இருக்கும். கார், புறா, நாடகம், கட்சி, ஊர்க் கோவில் திருப்பணி, எதுவாகவும் இருக்கலாம். அதைப் பழிக்க வேண்டாம். ஆசையில்லாத மனிதர்களோடு வாழ்வதும் கடினம். ஒரு கொப்பியை எடுத்து, அந்த ஆசைக்கு இதுவரை என்ன செலவானது என்று எழுதுங்கள். காசை மட்டும் எழுதாதீர்கள். யாருடைய நகை, யாருடைய நித்திரை, யாருடைய படிப்பு, யார் நடந்த தூரம் என்று எழுதுங்கள். பிறகு கொப்பியின் மறுபக்கத்தில் உங்கள் அம்மாவுக்கு என்ன ஆசை இருந்தது என்று எழுதப் பாருங்கள். என் அம்மா 2017இல் இறந்தார். அந்தப் பக்கத்தில் எழுத எனக்கு எதுவும் தெரியவில்லை. நான் கேட்டதில்லை.

நாளைக் காலையும் திரைச்சீலையை விலக்கிப் பார்ப்பேன். வண்டி நிமிர்ந்து நின்றால் மலைக்குப் போவேன். படுத்துக் கிடந்தால் பஸ்ஸுக்கு நடப்பேன். எனக்காக வேறு யாரும் நடக்க வேண்டியதில்லை.